தண்ணீர் நேராக இருந்த வருடம்

திரிகூட ராங்க் அகாடமியில் விடைதான் முதலில் பிறக்கும். கேள்வி பிறகுதான் வரும்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமம். வேதியியலில் நாற்பத்தைந்து கேள்விகள் கொண்ட தேர்வு என்றால், முதலில் கணினி நாற்பத்தைந்து எண்களைத் தரும். மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு, மறுபடி இரண்டு என்று போகும் அந்தப் பட்டியல். ஒன்று முதல் நான்கு வரை எல்லா எண்களும் சம அளவில் வர வேண்டும் என்பது இயக்குநர் குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் கொள்கை. நாற்பத்தைந்தை நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சுமே என்று கணக்கு ஆசிரியர் ஒருமுறை கேட்டார். மிஞ்சுகிற ஒன்றைப் பற்றி அடுத்த கல்வியாண்டில் பேசிக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அந்தப் பட்டியலில் மூன்று பேர் கையெழுத்திட்டு, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைப்போம். அதற்குப் பிறகுதான் என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்து கேள்வி எழுத வேண்டும். பட்டியல் எந்த எண்ணைச் சொல்கிறதோ, சரியான விடை அந்த எண்ணில் வந்து உட்காரும்படி நான்கு தெரிவுகளையும் இடம் மாற்றி அடுக்க வேண்டும்.

பதினேழாவது வாரத் தேர்வின் நாற்பத்து மூன்றாவது கேள்விக்குப் பட்டியல் தந்த விடை ஒன்று. நான் எழுதிய கேள்வி, 'நீர் மூலக்கூறின் வடிவம் எது?' தெரிவுகளை மனதில் வந்த வரிசையிலேயே எழுதினேன். முதலாவது நேர்கோடு. இரண்டாவது வளைந்த வடிவம். இனி இரண்டாவதை முதலாவதாக்க வேண்டும். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அகாடமி வண்ணார்பேட்டையில் இருக்கிறது. நான்காவது மாடியில் என் ஜன்னலுக்கு எதிரே இரண்டு கட்டடங்கள். அவற்றின் இடைவெளியில் ஒரு சாண் அகலத்துக்குத் தாமிரபரணி தெரியும். அன்று தண்ணீர் குறைவு. ஒரு மணல்திட்டைச் சுற்றி அது ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது நாற்பத்து நான்காவது கேள்வியை எழுதத் தொடங்கினேன்.

அவ்வளவுதான். இருபத்தாறு வருடங்களாக வேதிப் பிணைப்பு நடத்துகிற கிருபைராஜ் ஆகிய நான் தண்ணீரை நிமிர்த்திவிட்டேன்.

பிளஸ் டூவைத் தாண்டிய எவருக்கும் தெரியும், நீர் மூலக்கூறு வளைந்தது. நடுவில் ஆக்சிஜன், இரண்டு பக்கமும் ஹைட்ரஜன், இடையில் நூற்று நான்கரை டிகிரி. அது ஏன் வளைகிறது என்பதைத்தான் நான் ஒவ்வொரு வருடமும் நிதானமாக நடத்துவேன். ஆக்சிஜனிடம் யாரோடும் பிணையாத இரண்டு எலக்ட்ரான் இரட்டைகள் இருக்கின்றன. மூலக்கூறின் வடிவத்தைச் சொல்லும்போது அவற்றை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் அவை அங்கே இருப்பதால்தான் மற்றவை விலகி வளைகின்றன.

*

அகாடமி முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. இயக்குநர் அறைக் கதவில் பெயிண்டுக்கு அடியில் 'மணமகள் அறை' என்பதை வெயில் நேரத்தில் வாசிக்கலாம். பந்தி நடந்த கூடத்தில் இப்போது சந்தேக நிவர்த்திப் பிரிவு இயங்குகிறது. மொத்தம் எட்டு கவுண்டர்கள். மூன்றாவது என்னுடையது: வேதிப் பிணைப்பும் மூலக்கூறு அமைப்பும்.

மாணவர் டோக்கன் எடுக்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் எண்ணைச் சொல்லி அழைக்கும். அதே நொடியில் பெற்றோரின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். ஒரு சந்தேகத்துக்கு நான்கு நிமிடம். முடிந்ததும் மாணவர் கருவியில் பெருவிரலை வைத்தால் திரையில் 'தெளிந்தது' என்று பச்சையில் வரும். விரல் வைக்காவிட்டால் சந்தேகம் சிவப்பிலேயே நிற்கும்.

ஆசிரியர்களுக்கும் விதிகள் உண்டு. விடைப்பட்டியலுக்கு மாறாக எழுத்தில் பதில் தந்தால் பணிநீக்கம். ஒரு சந்தேகத்துக்கு வளாகத்தில் ஒரே பதில்தான் இருக்க வேண்டும். எவராவது மாற்றிச் சொல்லிச் சந்தேகத்தை மூடியிருந்தால், அதே கேள்வியில் அதே விடையைக் குறித்த எல்லா மாணவர்களையும் கணினி தானாகத் திரும்ப அழைக்கும். தப்பு செய்த ஆசிரியரே அத்தனை பேருக்கும் விளக்க வேண்டும். இதை அண்ணாச்சி ஒரு தண்டனையாக யோசித்துச் சேர்த்தார். அதுவரை அதற்கு வேலை வந்ததில்லை.

தேர்வு முடிவு வந்த மறுநாள் டோக்கன் எண் 2139 வந்தது. ஜெமிமா. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடியபோது மலையிலிருந்து இறக்கப்பட்ட குடும்பத்துப் பெண். இரண்டாவது முறையாக மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதப்போகிறவள். பேச்சு குறைவு, எழுத்து சிறியது.

"சார், நாப்பத்தி மூணு."

"சொல்லும்மா."

"தண்ணி வளைஞ்சுதான சார் இருக்கும்?"

கேள்வித்தாளைப் பார்த்தேன். விடைப்பட்டியலைப் பார்த்தேன். அதன் கீழே என் கையெழுத்தைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

"பட்டியல்ல ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

"அது தெரியும் சார். தண்ணி எப்படி இருக்குன்னு கேக்கேன்."

திரையில் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. அந்த மூன்று நிமிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவன்; மௌனத்தில் எனக்குச் சங்கடம் கிடையாது. ஆனால் அன்றைய மௌனம் அந்த வகை இல்லை. கருவி விரலைக் கேட்டு ஒலித்தது. அவள் தன் பெருவிரலை ஒருமுறை பார்த்து, உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"தெளியல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

*

சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறுக்கு ஒன்று குறையும். அந்த ஐந்தில் ஜெமிமா அறுபத்தோராவது இடத்துக்குப் போனாள். அகாடமியில் பிரிவுகளுக்கு உயர வரிசையில் பெயர். முதல் அறுபது பேர் 'பொதிகை'. அவர்களுக்கு ஆசிரியர்கள் நேரில் நடத்துவார்கள். மற்றவர்கள் 'சமவெளி'. அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் திரை உண்டு. மலையிலிருந்து இறக்கப்படுவது அந்தப் பெண்ணுக்கு இது இரண்டாவது முறை.

நான் மணமகள் அறைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. என் தப்புதான். விடைய மாத்தணும்."

குற்றாலலிங்கம் அண்ணாச்சி கோபப்படுகிறவர் அல்ல. நாற்காலியைக் காட்டினார். டீ சொன்னார்.

"கிருபை சார், பதினேழாவது தேர்வுல மொத மார்க் எடுத்த பையன் போட்டோ புது பஸ் ஸ்டாண்டுல இருபதடி உயரத்துல நிக்கி. பாத்தீரா?"

"பாத்தேன்."

"அவன் நாப்பத்தி மூணுக்கு என்ன போட்டிருக்கான்?"

"நேர்கோடுன்னு."

"இப்ப நான் அவனக் கீழ எறக்கவா, தண்ணிய நிமித்தவா? எது லேசு, நீரே சொல்லும்."

"தண்ணி நேரா இருந்தா அது தண்ணியாவே இருக்காது அண்ணாச்சி. இந்தச் சூட்டுக்கு ஆவியாப் போயிரும். ஆறே இருக்காது."

"ஆறு சிலபஸ்ல இருக்கா?"

"இல்ல."

"பின்ன என்னவே?"

மறுநாள் விடைப்பட்டியல் மாண்புக் குழு கூடியது. அப்படி ஒரு குழு இருப்பதும், நான் அதில் உறுப்பினர் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். அண்ணாச்சி எழுந்து பேசினார்.

"ஒரு விடைய மாத்தினா என்ன ஆவும்? நாளைக்கு இன்னொண்ண மாத்தச் சொல்லுவாவ. அப்புறம் பிள்ளைய யோசிக்க ஆரம்பிச்சிரும். யோசிக்கிற பிள்ளைக்கு ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிசம் ஆவும். ரெண்டு நிமிசம் ஆனா ராங்கு போச்சு. ராங்கு போனா அந்தக் குடும்பம் என்ன ஆவும்? நான் அந்தப் பிள்ளையளுக்காகத்தான் பேசுதேன். பாடம் சொல்லிக்குடுக்க ஊர்ல ஆயிரம் பள்ளிக்கூடம் கெடக்கு. நம்மட்ட வாரது விடைக்கு. விடைன்னா அசையக் கூடாது. தப்பா இருந்தாலும் ஒரே இடத்துல நிக்கணும். அதுக்குப் பேருதான் நம்பிக்கை."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கைகள் தட்டுவதை நான் பார்த்தேன்.

நடப்புக் கல்வியாண்டு முடியும்வரை வளாகத்துக்குள் நீர் மூலக்கூறு நேர்கோட்டு வடிவில் இருக்கும் என்று தீர்மானம் நிறைவேறியது. இயற்பியல் ஆசிரியர் பெருமாள்ராஜ் மட்டும் கை தூக்கினார்.

"கீழ வாட்டர் கூலர் இருக்கே அண்ணாச்சி, அதுக்கும் சேத்தா?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். அண்ணாச்சி யோசித்தார். "வளாகத்துக்குள்ள இருக்கிற எல்லாத் தண்ணிக்கும்" என்றார். குறிப்பேட்டில் அதுவும் ஏறியது. வெளியே வந்ததும் பெருமாள்ராஜ் என் தோளில் கைவைத்தார்.

"குளிக்கும்போது பாத்துக் குளியும்வே. நேரா வந்து குத்திரப்போவுது."

*

அதன் பிறகு காரியங்கள் ஒழுங்காக நடந்தன. ஆய்வகத்தில் பிளாஸ்டிக் உருண்டைகளும் குச்சிகளும் கொண்ட மாதிரிகள் இருந்தன. முப்பது நீர் மூலக்கூறுகளையும் எடுத்து வளைவை நிமிர்த்தச் சொன்னார்கள். பிளாஸ்டிக் இளக வெந்நீர் தேவைப்பட்டது. தண்ணீரில் போட்டுத்தான் தண்ணீரை நிமிர்த்தினோம்.

பதினெட்டு, பத்தொன்பது, இருபதாவது தேர்வுகளிலும் அதே கேள்வியை அதே எண்ணில் கேட்டோம். இருபதாவதில் மாணவர்கள் ஏறத்தாழ எல்லோரும் நேர்கோடு என்று குறித்தார்கள். பிள்ளைகள் எதற்கும் பழகிவிடுவார்கள். 'அகாடமித் தண்ணி', 'ஊர்த் தண்ணி' என்று இரண்டு வைத்துக்கொண்டார்கள். இதில் எதை எப்போது குறிக்க வேண்டும் என்று ஒரு பையன் பதினொரு படிகளில் சூத்திரமே எழுதி வைத்திருந்தான்.

ஜெமிமா பதினெட்டிலும் பத்தொன்பதிலும் வளைந்தது என்றே குறித்திருந்தாள். இருபதாவது தேர்வின் விடைத்தாளை நான் தேடி எடுத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்றாவது கேள்விக்கு அவள் எதையும் நிரப்பவில்லை. முதல் வட்டத்துக்குள் பேனா முனை தொட்ட புள்ளி ஒன்று இருந்தது. இரண்டாவது வட்டத்துக்குள்ளும் ஒன்று. பிறகு மற்ற கேள்விகளைப் பார்த்தேன். முன்பெல்லாம் அவள் ஒன்றையும் விட்டதில்லை. இப்போது பதினாறு இடங்களில் அப்படி இரண்டிரண்டு புள்ளிகள்.

ஜனவரி பிறந்து அகாடமி திறந்தபோது அவள் வரவில்லை.

முதல் நாள் காலை ஒன்பது பத்துக்கு ஒலிபெருக்கி பேசியது. "டோக்கன் எண் இரண்டு ஒன்று மூன்று ஒன்பது. கவுண்டர் மூன்றுக்கு வரவும்."

என் எதிரே நாற்காலி காலியாக இருந்தது. மூன்று நிமிடம் காத்திருந்தேன். விதி அப்படி. யாரும் வரவில்லை. திரையில் 2139 சிவப்பில் நின்றது. மறுநாள் ஒன்பது பத்துக்கு அதே குரல். அதற்கு மறுநாளும். அந்தக் குரலில் சலிப்போ கோபமோ கிடையாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருக்கும்போதுகூட ஒன்பது பத்து ஆனால் என் முதுகு நிமிர்ந்துகொள்ளும்.

பிள்ளைகள் பயந்தார்கள். மூன்றாவது கவுண்டருக்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்கார மறுத்தார்கள். அண்ணாச்சி எல்லாத் தரப்பையும் சமமாக நடத்துகிறவர். ஒலிபெருக்கியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு போதகர் வந்து ஜெபித்தார். மேலப்பாளையத்திலிருந்து ஒருவர் வந்து ஓதினார். மறுநாள் ஒன்பது பத்துக்கு ஒலிபெருக்கி எலுமிச்சம்பழத்தின் பின்னாலிருந்து அதே மரியாதையோடு அழைத்தது.

கணினிப் பிரிவைப் பார்க்கிற ஷம்ஸியாவை அண்ணாச்சி கூப்பிட்டார்.

"பேயெல்லாம் இல்ல சார்" என்றாள் அவள். "சந்தேகம் தெறந்து கெடக்கு. புது வருசம் பொறந்தா நிலுவையில உள்ளத அதுவே தெனம் கூப்பிடும். அந்தப் பிள்ள கைரேக இல்லாம மூடாது. அப்படித்தான எழுதச் சொன்னீய?"

"நீயே மூடு."

"யாராலயும் மூட முடியாதபடிக்குப் பண்ணுன்னீங்களே சார். வாத்தியாரு யாரும் களவாணித்தனம் பண்ணிரக் கூடாதுன்னு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

*

மார்ச் முதல் வாரம் சென்னையிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. 'சந்தேகமற்ற வளாகம்' என்று ஒரு சான்றிதழ். அந்த வருடம் பதிவான நாலாயிரத்துச் சொச்சம் சந்தேகங்களில் ஒன்றைத் தவிர எல்லாம் பச்சை. அண்ணாச்சி கையடக்கக் கருவி ஒன்றை என்னிடம் தந்தார்.

"முக்கூடல்ல இருக்காவளாம். போயி கைரேகைய மட்டும் வாங்கிட்டு வாரும். பேச்சு வேண்டாம். உமக்குத்தான் பேசாம இருக்க வருமே."

பஸ்ஸில் கருவி என் மடியில் சூடாக இருந்தது. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஜெமிமாவின் அப்பா ஜாபேஸ் வாசலிலேயே நின்றார். மலையில் இலை பறிப்புக்கு மேஸ்திரியாக இருந்தவர். இப்போது பீடி இலைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

"வாங்க சார், வாங்க. இரிங்க. எனக்குத் தெரியும், ஒருநா யாராவது வருவாவன்னு. ஏட்டி ஜெமிமா, சார் வந்திருக்காவ பாரு."

தொலைபேசியை எடுத்துக் காட்டினார். அதில் வரிசையாகக் குறுஞ்செய்திகள். 'தங்கள் பிள்ளை கவுண்டர் மூன்றுக்கு அழைக்கப்படுகிறார். தாமதம் தவிர்க்கவும்.' நாற்பத்தொரு செய்திகள். எல்லாம் ஒன்பது பத்துக்கு வந்தவை. ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை.

"மொத நா வந்தப்ப, ஒன்னத் திருப்பிக் கூப்பிடுதாவட்டீன்னு ஓடிப்போயி காட்டினேன். ஃபோன் போட்டுக் கேட்டா, அது தானா வாரதுன்னுட்டாவ. ஆனாலும் தெனம் வருதுல்லா சார்? யாரோ நெனைக்கப்போயித்தான வரும்?"

ஜெமிமா உள்ளிருந்து வந்தாள். கையில் பதினோராம் வகுப்பு அரசுப் பாடநூல் இருந்தது. பழைய பிரதி; முதுகில் துணி ஒட்டியிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதை நான் தொடவில்லை.

"விரல் வெக்கணுமா சார்?"

"ஆமா."

"தெளிஞ்சாத்தான சார் வெக்கணும்?"

அவள் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். நீர் மூலக்கூறின் படம். பக்கத்தில் கோணம் அச்சாகியிருந்தது.

"இதுல இருக்கு சார். எனக்குத் தெரியாம இல்ல. ஆனா கேள்வியப் படிச்சதும் படம் வர மாட்டக்கு. உங்க மொகம் வருது. அன்னைக்கு மூணு நிமிசம் ஒண்ணும் சொல்லாம இருந்தீய. நான் சொன்னது சரின்னா சார் சரின்னு சொல்லியிருப்பாவல்லா, சொல்லல்லன்னா நாந்தான் தப்போன்னு தோணிட்டு. தண்ணி மட்டும்னாக்கூடப் பரவால்ல. இப்ப எதப் பாத்தாலும் அப்படித்தான் வருது. மே மாசம் பரீட்ச. கை எங்கன போவும்னு எனக்கே தெரியல்ல சார்."

அவள் அழவில்லை. குற்றம் சாட்டவும் இல்லை. நோயின் அறிகுறியை மருத்துவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ குடத்தைக் கழுவி ஊற்றினார்கள். இந்த முறை எனக்கு நேர வரம்பு எதுவும் இல்லை. எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் நான் சும்மா இருக்கலாம் என்று நினைத்தபோதுதான், இருக்க முடியவில்லை.

கருவியை எடுத்து 'ஆசிரியரின் பதில்' என்ற கட்டத்தில் எழுதினேன். நீர் மூலக்கூறு வளைந்தது. நூற்று நான்கரை டிகிரி. விடைப்பட்டியல் தவறு. தவறு செய்தவன் நான். கிருபைராஜ்.

அவள் படித்தாள்.

"மெசினு உங்களுக்கு சார். எனக்குப் பேப்பர்ல எழுதித் தாங்க."

பாடநூலில் அந்தப் படத்துக்குக் கீழேயே எழுதிக் கையெழுத்திட்டேன். தேதியும் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு விடைக்கு நான் இவ்வளவு மெதுவாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

ஜெமிமா பெருவிரலைத் தாவணியில் துடைத்துக் கருவியில் வைத்தாள். திரை பச்சையானது. "தெளிந்தது. நன்றி" என்றது அந்தக் குரல்.

"இப்ப கை போவும் சார்" என்றாள்.

ஜாபேஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நாளைக்கு மெசேஜ் வராதா சார்?" என்றார்.

"வராது."

"சரி" என்றார். அவருக்கு அது வருத்தமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. கிளம்பும் முன் அந்த டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

*

மறுநாள் காலை சான்றிதழ் விழா மண்டபத்தின் பழைய மணமேடையில் நடந்தது. வந்த மூன்று பேருக்கும் சால்வை போட்டார்கள். மேடை தெரிகிற மூன்றாவது கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பத்து ஆனது. ஒலிபெருக்கி பேசவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பிறகு அந்த நிமிடம் சத்தமில்லாமல் கடந்தது.

மேடையில் அண்ணாச்சி பேசிக்கொண்டிருந்தார். "இந்த வளாகத்துல இன்னைக்கு ஒரு பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் கெடையாது. கேக்கணும்னே தோணாது. அந்த அளவுக்கு நாங்க பாடுபட்டிருக்கோம்…"

ஒன்பது பன்னிரண்டு. "டோக்கன் எண் நான்கு மூன்று பூஜ்யம் ஒன்று. கவுண்டர் மூன்றுக்கு வரவும்."

ஷம்ஸியா கணினியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் புரிந்தது. நான் பட்டியலுக்கு மாறாகப் பதில் எழுதிச் சந்தேகத்தை மூடிவிட்டேன். ஒரே சந்தேகத்துக்கு ஒரே பதில் என்ற விதி விழித்துக்கொண்டது. பதினேழாவது தேர்வில் வளைந்தது என்று குறித்த மற்ற முந்நூற்று நாற்பத்தேழு பேரையும் கணினி திரும்ப அழைக்கத் தொடங்கிவிட்டது. எதிரே யாரும் வரவில்லை. மூன்று நிமிடம். "டோக்கன் எண் நான்கு மூன்று பூஜ்யம் இரண்டு." அதற்கும் யாரும் வரவில்லை. பெயர்களைத் திரையில் பார்த்தேன். தேர்வுக்குப் பிறகு சமவெளிக்கு இறக்கப்பட்டவர்கள். அங்கிருந்து போய்விட்டவர்கள். நான் மறந்துபோன பிள்ளைகள்.

மூன்றாவது, நான்காவது. அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி மூன்று நிமிடம் இருந்தேன்.

சென்னையிலிருந்து வந்தவர்களில் ஒருவர் அண்ணாச்சியின் காதில் ஏதோ கேட்டார். அண்ணாச்சி ஒலிவாங்கியை விடவில்லை.

"இது எங்க புதுத் திட்டம். வெலகிப்போன பிள்ளையளக்கூட நாங்க விடுததில்ல. கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சந்தேகம் தீக்கோம். இந்தியாவுலயே மொத மொறை."

கைதட்டல் எழுந்தது. சான்றிதழ் கைமாறியது. அதில் 'சந்தேகமற்ற வளாகம்' என்று பொன்னெழுத்தில் இருந்தது. "டோக்கன் எண் நான்கு மூன்று பூஜ்யம் ஐந்து" என்றது குரல். கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ எழுந்து நடந்து வருகிற சத்தம் கேட்டது.

*

அன்று மாலையே என் பணிநீக்கக் கடிதம் தயாரானது. ஆனால் தர முடியவில்லை. விலகுகிற ஆசிரியரின் பெயரில் நிலுவைச் சந்தேகம் எதுவும் இல்லை என்று கணினி சான்று தர வேண்டும். என் பெயரில் முந்நூற்று நாற்பத்தேழு இருந்தன.

"எத்தன நாள்ல முடிப்பீரு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எல்லாரும் வந்தா முடிஞ்சிரும்."

"வராதவனுக்கு?"

"தெரியல்ல அண்ணாச்சி. விதி உங்களுது."

மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு கல்வியாண்டு முடிந்து, தண்ணீர் தீர்மானப்படி பழைய வடிவத்துக்குத் திரும்பியது. அதற்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. மாதிரிகளை மறுபடி வெந்நீரில் போட்டு வளைத்தோம். சில வளையவில்லை.

வளாகத்துக்குள் இருந்தவர்கள் ஏப்ரலுக்குள் வந்து போனார்கள். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னேன். வளைந்தது, நீ குறித்ததுதான் சரி, தப்பு என்னுடையது. பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. விரலை வைத்துவிட்டுப் போனார்கள். விலகிப்போனவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். தினமும் காலை ஒன்பது பத்துக்கு அவர்களுடைய எண்கள் தொடங்கும். அவர்கள் வீட்டுத் தொலைபேசிகளில் செய்தி போகும். எதிரே நாற்காலி காலியாக இருக்கும். நான் மூன்று நிமிடம் காத்திருப்பேன்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், எண் சொல்லி இரண்டரை மணி நேரம் கழித்து, ஒரு பையன் மூச்சு வாங்க மாடியேறி வந்தான். ஆரிப். கடையநல்லூரில் ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறானாம். சட்டையில் கடையின் பெயர் தைத்திருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். விரலை வைத்தான். பச்சை வந்தது.

"இதுக்காகவா லீவு போட்டுட்டு வந்த?" என்றேன். "நீதான் இப்ப படிக்கல்லயே."

அவன் எழுந்து நின்று நாற்காலியை மேசைக்கு உள்ளே தள்ளி வைத்தான்.

"தெனம் கூப்பிட்டீயள்லா சார்" என்றான்.